ஜல நேத்தி: மூக்கைக் கழுவும் கிரியையின் நூல்வழக்கும் மருத்துவச் சான்றும்

இன்று யோகா வகுப்புகளில் மூக்குக் கெண்டி, வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு ஆகியவற்றை வைத்துச் சொல்லித்தரும் ஜல நேத்தி, ஹடயோக பிரதீபிகையில் அந்த உருவில் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய அந்த நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் தௌதி, வஸ்தி, நேத்தி, திராடகம், நௌலி, கபாலபாதி என ஆறு சுத்திகரிப்புக் கிரியைகள் வருகின்றன. அங்கே நேத்தி என்பது ஒரு சாண் நீளமுள்ள வழவழப்பான நூல்திரியை மூக்குத் துவாரத்தில் செலுத்தி வாய் வழியாக வெளியே எடுப்பது. இதனால் கபாலம் சுத்தமாகும், பார்வை கூர்மையாகும், தோளுக்கு மேலே வரும் நோய்கள் விலகும் என்கிறது நூல். அதற்குச் சில நூற்றாண்டு பிந்திய கேரண்ட சம்ஹிதையிலும் அதே ஒரு சாண் திரிதான்.

தண்ணீர் வருவது வேறோர் இடத்தில். கபாலபாதியை இன்று நாம் வேகமாக மூச்சை வெளித்தள்ளும் பயிற்சியாக மட்டும் அறிவோம். கேரண்ட சம்ஹிதை அதை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது காற்றால் செய்வது. இரண்டாவதான வியுத்கிரமத்தில் நீரை மூக்கால் உறிஞ்சி வாயால் துப்ப வேண்டும். மூன்றாவதான சீத்கிரமத்தில் வாயால் உறிஞ்சி மூக்கால் விட வேண்டும். இரண்டுமே கபத்தைப் போக்குவதற்காகச் சொல்லப்பட்டவை. உப்பைப் பற்றியோ கெண்டியைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. பிற்கால ஆயுர்வேத நூல்களில் விடியற்காலையில் மூக்கு வழியாக நீர் அருந்தும் வழக்கமும் வருகிறது. ஆக, ஜல நேத்திக்கு வேர் உண்டு. ஆனால் நேத்தி என்ற பெயர் ஒரு கிரியையிலிருந்தும், நீர் இன்னொரு கிரியையிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன. ‘ஐயாயிரம் ஆண்டுப் பழக்கம்’ என்று துண்டறிக்கைகளில் அச்சிடுவதற்கு இந்த நூல்களில் ஆதாரம் இல்லை. அப்படி ஊதிச் சொல்ல வேண்டிய தேவையும் இந்தக் கிரியைக்கு இல்லை.

தமிழ் மருத்துவ மரபிலும் மூக்கு ஒரு மருந்து வாசல்தான். தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் என்று ஒரு கால அட்டவணையே தருகிறது. நசியம் என்றால் மூலிகைச் சாற்றையோ தைலத்தையோ மூக்கில் விடுவது. தலையில் நீர் கோத்துக்கொண்டால் நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவதும், நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதும் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால் நசியம் வேறு, நேத்தி வேறு. நசியத்தில் மருந்து உள்ளே தங்க வேண்டும். நேத்தியில் உள்ளே போன எதுவும் தங்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நேத்தி நீரில் மஞ்சள், துளசிச் சாறு, வேப்பிலை என்று சேர்க்கும் பழக்கம் பரவுவதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. மூக்கின் உட்சவ்வு எதையும் தாங்கும் தோல் அல்ல.

இப்போதைய வடிவம் இருபதாம் நூற்றாண்டில் உறுதிப்பட்டது. 1924இல் லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமை நிறுவி, யோகக் கிரியைகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். அதே ஆண்டில் வந்த ‘யோக மீமாம்சா’ இதழ் அந்த முயற்சியின் முகம். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் மருத்துவராக வேலை பார்த்து, பின் துறவியாகி ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936இல் அமைத்த சுவாமி சிவானந்தரின் வழியில் வந்தவர் சத்தியானந்த சரஸ்வதி. அவர் முங்கேரில் தொடங்கிய பீகார் யோகப் பள்ளியின் கையேடுகள்தாம் கெண்டி, உப்பு, குனியும் கோணம், பிறகு மூக்கை உலர்த்தும் முறை என ஜல நேத்தியை ஒழுங்கான பாடமாக்கி ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவற்றில் முக்கியமானவை. நூல்திரியின் இடத்தில் ரப்பர் குழாய் வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

மேற்கிலும் இது யோகத்தோடு மட்டும் போய்ச் சேரவில்லை. 1864இல் லண்டன் மருத்துவர் தூடிக்கம் மூக்கைக் கழுவும் முறையைப் பற்றி எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவத்தில் அது பழக்கமான சிகிச்சையாகவே இருந்தது. பிறகு மருந்துகள் பெருகியபோது மறக்கப்பட்டது. 2007இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கெண்டி காட்டப்பட்ட பிறகு அமெரிக்க மருந்துக் கடைகளில் அது சாதாரணப் பொருளானது. அங்கே விற்பனை பெருகியதால்தான் நன்மை, தீமை இரண்டையும் அளந்து பார்க்கும் ஆய்வுகளும் பெருகின.

யோகிகளுக்கு மூக்கின் மேல் இத்தனை அக்கறை ஏன்? பிராணாயாமம் முழுவதும் இரண்டு நாசிகளின் போக்குவரத்தை நம்பியிருக்கிறது. இடகலை, பிங்கலை என்று மாறி மாறி ஓடும் சுவாசத்தை அவர்கள் கவனித்திருந்தார்கள். 1895இல் ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் இதையே நாசிச் சுழற்சி என்று மருத்துவ மொழியில் பதிவுசெய்தார். மூக்கின் உள்ளே இருக்கும் மடிப்புகளில் ரத்தம் நிரம்பும் திசு ஒரு பக்கம் வீங்க, மறுபக்கம் சுருங்குகிறது. சில மணி நேரத்தில் முறை மாறுகிறது. சளி அடைத்த மூக்கோடு நாடிசுத்திப் பிராணாயாமம் செய்ய உட்காருகிறவர் மூச்சைக் கவனிக்க முடியாது. அடைப்போடு மல்லாடத்தான் முடியும். பிராணாயாமத்துக்கு முன் நேத்தி என்ற வரிசைக்கு இந்த எளிய காரணமே போதும்.

ஆனால் எல்லோரும் தினமும் செய்ய வேண்டும் என்று பிரதீபிகை சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் பிராணாயாமத்துக்கு முன் இந்த ஆறையும் செய்யலாம், தோஷங்கள் சமநிலையில் உள்ளவர்களுக்கு அவை வேண்டாம் என்பதே அதன் நிலை. பிராணாயாமம் ஒன்றே எல்லா அழுக்கையும் போக்கும், வேறு கிரியைகள் தேவையில்லை என்று கருதும் ஆசாரியர்கள் இருப்பதையும் அதே நூல் பதிவுசெய்கிறது. ஆறு கிரியைகளையும் கட்டாயப் பாடமாக்கும் பயிற்சி மையங்கள் இந்த இரண்டு இடங்களையும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினால் நல்லது.

இனி மூக்குக்குள் போவோம். மூக்கின் உட்சுவர் முழுவதும் மெல்லிய சளிப்படலம் போர்த்தியிருக்கிறது. அதன் மேலடுக்கு கெட்டியானது. தூசி, மகரந்தம், கிருமி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்கின்றன. கீழடுக்கு நீர்த்தது. அந்த நீர்த்த அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஒரு வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அடித்து, மேலடுக்கைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வேகம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர். நமக்குத் தெரியாமலே அந்தச் சளியை விழுங்குகிறோம். இரைப்பையின் அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. இந்த ஓட்டத்தை அளக்க மருத்துவர்களிடம் ஓர் அழகான சோதனை உண்டு. சாக்கரின் துணுக்கு ஒன்றை மூக்கின் முன்பகுதியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சளியோடு அது நகர்ந்து தொண்டையை எட்டியதும் இனிப்புத் தெரியும். நலமான மூக்கில் இருபது நிமிடத்துக்குள், அதிகம் போனால் அரை மணிக்குள், இனிக்கும். நாட்பட்ட சைனஸ் தொல்லை உள்ளவர்களுக்கு அதையும் தாண்டும்.

நேத்தி செய்வது இந்த ஓட்டத்துக்கு ஒத்தாசை. கெட்டித்த சளி, காய்ந்த பொருக்கு, அழற்சியைத் தூண்டும் பொருள்கள், மகரந்தம் ஆகியவற்றை நீர் அடித்துக்கொண்டு போகிறது. வறண்ட படலம் ஈரமாகி நுண்மயிர்கள் மறுபடி சீராக அடிக்க இடம் கிடைக்கிறது. அடர்ந்த உப்புநீர் இந்தச் சாக்கரின் நேரத்தைக் குறைப்பதாக 1997இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களையலாம். கெண்டி நீர் நெற்றிச் சைனஸ், கன்னச் சைனஸ் எல்லாவற்றையும் அலசிவிட்டு வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்யாத மூக்கில் சைனஸ் அறைகளின் வாசல்கள் மிகச் சிறியவை. உள்ளே போகும் நீர் சொற்பம். நீர் கழுவுவது பெரும்பாலும் மூக்கறையையும் அந்த வாசல்களின் முற்றத்தையும்தான். வாசல் திறந்தால் சைனஸ் தானாகவே வடியும் என்பதே பலனின் வழி.

உப்பு எதற்கு? குளத்தில் குதித்தபோது மூக்கில் தண்ணீர் ஏறி உச்சி வரை சுரீரென்றதை யாரும் மறக்க மாட்டார்கள். சாதாரண நீரில் உப்பு இல்லாததால் அது சவ்வூடு பரவல் மூலம் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கிறது. எரிச்சல் அதனால் வருகிறது. நம் உடல்நீரின் உப்புத்தன்மைக்கு இணையான 0.9 விழுக்காட்டில் கலந்தால் எரிச்சல் இல்லை. லிட்டருக்கு 9 கிராம். அரை லிட்டருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு ஏறத்தாழச் சரியாக வரும். கல் உப்பை அதே கரண்டியால் அளந்தால் படிகங்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் எடை குறையும். அதோடு மண்ணும் தூசியும் சேர்ந்திருக்கும். கல் உப்புதான் வேண்டுமென்றால் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். கண்ணீரின் கரிப்பு இருந்தால் போதும் என்று பழைய ஆசிரியர்கள் சொல்லும் அளவும் சரியானதே. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் சிலருக்கு மேலும் இதமாக இருக்கிறது. இரண்டு, மூன்று விழுக்காடு அடர் உப்புநீர் வீக்கத்தைக் கூடுதலாக வடிக்கும். ஆனால் எரிச்சலும் கூடும். தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? 2002இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரபாகோ குழு, அடிக்கடி சைனஸ் தொல்லைப்படும் 76 பேரை வைத்து ஆறு மாத ஆய்வு நடத்தியது. தினமும் 2 விழுக்காடு உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்குத் தொல்லைகள் குறைந்தன, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்வதும் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் உலக ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2016இல் நாட்பட்ட சைனஸ் அழற்சி பற்றி எழுதியபோது, அதன் அளவுகோலுக்குள் வந்தவை இரண்டே ஆய்வுகள். மொத்தம் 116 பேர். பலன் இருக்கலாம், சான்றின் தரம் குறைவு என்றுதான் அவர்களால் சொல்ல முடிந்தது. ஒவ்வாமையால் வரும் தும்மல், மூக்கொழுகல் பற்றிய அதே குழுவின் 2018 அறிக்கையில் 14 ஆய்வுகள், 747 பேர். மூன்று மாதம் வரை தொல்லை குறைவதாகத் தெரிகிறது, பெரிய பக்கவிளைவு இல்லை, ஆனால் இங்கும் சான்று திடமானதில்லை. அப்படியிருந்தும், 2020இல் வெளியான ஐரோப்பியச் சைனஸ் வழிகாட்டி நெறிகள் உப்புநீர்க் கழுவலை நாட்பட்ட நோய்க்குப் பரிந்துரைக்கின்றன. விலை குறைவு, தீங்கு குறைவு, பலன் ஓரளவு நிச்சயம் என்ற கணக்கில் அது நியாயமான முடிவு.

நம் வீட்டு வழக்கத்தைத் தொடும் ஆய்வு ஒன்று 2016இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. இங்கிலாந்தில் 871 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு மூக்குக் கழுவல், சிலருக்கு ஆவி பிடித்தல், சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை என்று பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கழுவியவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது. மற்றபடி மாற்றம் இல்லை. ஆவி பிடிப்பதில் கிடைக்கும் அந்த நேர இதத்தை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு குழந்தைகளை உட்காரவைக்கும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தால், நாட்பட்ட மூக்கடைப்புக்கு நேத்தியை நோக்கி நகர்வது மேல்.

சாதாரணச் சளிக்கு? எடின்பரோவில் சந்தீப் ராமலிங்கம் குழு செய்த சிறிய முன்னோட்ட ஆய்வு 2019இல் வெளியானது. சளி பிடித்து இரண்டு நாளுக்குள் அடர் உப்புநீரால் மூக்கைக் கழுவிக் கொப்பளித்தவர்களுக்கு நோய் 1.9 நாள் குறைந்தது. வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுவதும் குறைந்தது. 2024இல் லான்செட் சுவாச மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு அளவில் மிகப் பெரியது: 13,799 பேர். அதில் பயன்பட்டது கெண்டி அல்ல, மூக்கில் பீய்ச்சும் தெளிப்பான். ஆனால் உப்புநீர்த் தெளிப்பானைப் பயன்படுத்தியவர்கள் நோயுற்ற நாள்கள் சராசரி 6.4, பயன்படுத்தாதவர்களுக்கு 8.2. ஆன்டிபயாட்டிக் தேவையும் குறைந்தது. வைரஸ் சளிக்கு ஒன்றுக்கும் உதவாத ஆன்டிபயாட்டிக்கை வாங்கி விழுங்கும் நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால், இதுவே ஜல நேத்தியின் மிகப் பெரிய பொதுநலப் பயனாக எனக்குப் படுகிறது.

எதற்குச் சான்று இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கண் பார்வை கூடும், நினைவாற்றல் பெருகும், மன அழுத்தம் தீரும், காது கேட்கும் என்றெல்லாம் வகுப்புகளில் சொல்கிறார்கள். கண்ணீர்க் குழாய் மூக்குக்குள் திறப்பதால் நேத்திக்குப் பிறகு கண் குளிர்ந்து தெளிவாக உணர்வது உண்மை. அந்த உணர்வு பார்வைக் கூர்மை அல்ல. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

தினமும் காலமெல்லாம் செய்யலாமா என்பது இன்னும் தீராத கேள்வி. 2009இல் ஓர் அமெரிக்க மாநாட்டில், ஓராண்டு தினமும் கழுவியவர்கள் நிறுத்திய பிறகு சைனஸ் தொற்று குறைந்ததாக ஒரு மருத்துவர் அறிவித்தார். சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழுவின் வலுவும் போதாது. ஆனாலும் அதன் பின்னால் இருக்கும் யோசனை புறக்கணிக்கத்தக்கதல்ல. சளி வெறும் கழிவல்ல. லைசோசைம், லாக்டோஃபெரின், கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அதில் உண்டு. தொல்லை இல்லாத மூக்கை நாள்தோறும் அலசினால் அந்தக் காவலையும் சேர்த்து அலசுகிறோம். தோஷம் சமநிலையில் உள்ளவருக்கு இது வேண்டாம் என்ற பிரதீபிகையின் கட்டுப்பாடு இங்கே மருத்துவத்தோடு கைகோக்கிறது. சளி, ஒவ்வாமை, தூசி வேலை உள்ள நாள்களில் செய்வது, மற்ற நாள்களில் விட்டுவிடுவது என்பதே என் பரிந்துரை.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது: தண்ணீர். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர், வெவ்வேறு ஊர்களில், மூளை அழற்சியால் இறந்தார்கள். ஒருவர் இளைஞர், மற்றவர் ஐம்பத்தொரு வயதுப் பெண். இருவரும் குளத்தில் குளிக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் நேத்தி செய்திருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக் குழாய்களில் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா கண்டுபிடிக்கப்பட்டது. 2018இல் சியாட்டிலைச் சேர்ந்த அறுபத்தொன்பது வயதுப் பெண் ஒருவரின் மரணம் மருத்துவ இதழில் பதிவானது. அவர் வடிகட்டிய குழாய்நீரைத்தான் பயன்படுத்தியிருந்தார். அவருக்கு வந்தது பாலமூத்தியா என்ற வேறோர் அமீபா. 2023இல் புளோரிடாவில் மேலும் ஒருவர் நெக்லேரியாவால் இறந்தார்.

தமிழ்ப் பத்திரிகைகள் ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று எழுதும் அந்த நெக்லேரியா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் கூரையை எட்டினால்தான் ஆபத்து. அங்கே வாசனை நரம்புகள் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு வழியாக மூளைக்குள் போகின்றன. அமீபா அந்த வழியையே பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2022 வரை பதிவான 157 பேரில் பிழைத்தவர்கள் நால்வர். கராச்சியில் 2008, 2009இல் பதினேழு மாதங்களில் 13 பேருக்கு இந்நோய் வந்தது. பெரும்பாலோர் நீச்சலடித்தவர்கள் அல்லர், தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது மூக்கில் நீர் செலுத்தியவர்கள். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2016இல் ஆலப்புழையில் முதல் நோயாளி பதிவானார். 2024 கோடையிலும் மழையிலும் சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். கோழிக்கோட்டில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் விரைவில் நோய் கண்டறியப்பட்டதால் உயிர் பிழைத்தான்.

இந்தக் கணக்கைக் கேட்டு நேத்தியையே கைவிட வேண்டியதில்லை. கோடிக்கணக்கானோர் செய்யும் ஒரு பழக்கத்தில் இது மிக அரிய விபத்து. ஆனால் தவிர்க்க முழுமையான வழி இருக்கும்போது அரிது என்று சொல்லிக் கடந்துபோவது பொறுப்பற்ற செயல். நம் ஊரில் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயும் கருநிறத் தொட்டியின் நீர் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல மாதம் கழுவப்படாத தொட்டி, குளோரின் எப்போதோ ஆவியாகிப்போன நீர், அதிலிருந்து நேரே குளியலறைக் குழாய்: அமீபாவுக்கு வேண்டியது எல்லாம் அங்கே உண்டு. ஆர்.ஓ. கருவியின் நீரும் சேமிப்புத் தொட்டியில் தங்குகிறது. இருபது லிட்டர் கேன் தண்ணீர் குடிப்பதற்கானது, கிருமியற்றது என்ற உறுதி அதற்கு இல்லை. நேத்தியில் கரைக்கும் உப்பு அமீபாவைக் கொல்லாது. கொதி வந்தபின் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்த நீர் மட்டுமே வீட்டில் பாதுகாப்பானது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள உதகை போன்ற உயரங்களில் மூன்று நிமிடம். வெந்நீரையும் குழாய்நீரையும் கலந்து ‘விளாவி’ எடுப்பதுதான் நம் வழக்கம். நேத்தியில் அதைச் செய்யவே கூடாது. விளாவியதும் கொதிக்கவைத்த பயன் போய்விடும்.

காலை வகுப்பு ஒன்றில் இதை நேரில் பார்த்தால் ஆபத்து எங்கே நுழைகிறது என்று புரியும். புல்வெளி ஓரத்தில் பிளாஸ்டிக் கெண்டிகள் வரிசையாக இருக்கும். ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர். அது சூடாக இருக்கிறதென்று யாராவது தோட்டக் குழாயிலிருந்து ஒரு வாளி ஊற்றுவார்கள். உப்பு கையால் அள்ளிப் போடப்படும். ஆசிரியரின் கவனமெல்லாம் தோரணையில் இருக்கும்: ‘நல்லா முன்னாடி குனிங்க, தலையைப் பக்கவாட்டுல திருப்புங்க, வாயைத் திறந்து வாயாலயே மூச்சு விடுங்க, பயப்படாதீங்க.’ முதல்முறை செய்கிறவர் மூச்சை அடக்கிக்கொள்வார். நீர் தொண்டையில் இறங்கிப் புரையேறும். வாயால் மூச்சு விடப் பழகிய கணத்தில் கீழ் நாசியிலிருந்து முதலில் சொட்டு, பிறகு ஒழுக்கு, பிறகு சளி இழையோடு ஒரே சீரான தாரை. அந்த முகத்தில் தெரியும் வியப்பு உண்மையானது. அந்த அண்டாவும் கொதித்து ஆறிய நீராக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே மன்றாட்டு. குருகுல மரபில் கிரியை என்பது உடல் அசைவு மட்டுமல்ல, அதற்கான பொருளும் பாத்திரமும் நேரமும் சேர்ந்தது. நீரைக் கொதிக்கவைப்பது ஜல நேத்தியின் முதல் படியாகவே கற்பிக்கப்பட வேண்டும்.

முடித்த பிறகான பகுதியை அவசரத்தில் விடுகிறவர்கள் அதிகம். முன்னே குனிந்து, தலையை இருபுறமும் மெல்லத் திருப்பி, இரண்டு நாசியும் திறந்தபடி மென்மையாக மூச்சை வெளித்தள்ளினால் தேங்கிய நீர் வடியும். ஒரு நாசியை அழுத்தி மூடிக்கொண்டு பலமாகச் சீறினால் சளியும் நீரும் நடுக்காதுக் குழலுக்குள் தள்ளப்பட்டுக் காதுவலியும் தொற்றும் வரலாம். நேத்திக்குப் பின் உடனே தலைகீழ் ஆசனம் வேண்டாம். படுக்கப்போகும் முன்பும் வேண்டாம். பாத்திரத்தைப் பொறுத்தவரை, செம்புக் கெண்டியில் உப்புநீர் பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். வளைந்த குழலின் உட்புறம் துடைக்க முடியாது. எவர்சில்வரோ பீங்கானோ நல்லது. ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, கொதிநீர் ஊற்றி, கவிழ்த்து உலரவைக்க வேண்டும். ஒருவர் கெண்டியை இன்னொருவர் தொடக் கூடாது. பால் நேத்தி, நெய் நேத்தி எல்லாம் கேள்விப்படுகிறோம். பால் கிருமி வளரும் ஊடகம், வீட்டில் அதைச் செய்துபார்க்காதீர்கள். நூல்திரியைச் செலுத்தும் சூத்திர நேத்திக்கு அருகில் இருந்து கைபிடித்துச் சொல்லித்தரும் அனுபவசாலி வேண்டும். காணொளி பார்த்துச் செய்யும் வேலை அல்ல அது.

மூக்கில் ரத்தம் வருகிறவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், காதில் தொற்று உள்ளவர்கள், அண்மையில் மூக்கு அறுவை செய்தவர்கள், புற்றுநோய் மருந்தாலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. ஒரு பக்கம் முற்றிலும் அடைத்திருந்தால் நீரை வலிந்து செலுத்தாதீர்கள். உள்ளே சதை வளர்ந்திருக்கலாம், நடுத்தண்டு வளைந்திருக்கலாம். ஒரே நாசியிலிருந்து ரத்தம் கலந்த சளி, கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் ஆகியவை கெண்டியால் தீருபவை அல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றே போக வேண்டியவை. நேத்தி செய்த சில நாள்களுக்குள் கடும் தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் கழுத்து இறுக்கமும் வந்தால், மருத்துவமனையில் நுழைந்ததும் ‘மூக்கில் தண்ணீர் விட்டேன்’ என்பதை முதலில் சொல்லுங்கள். அமீபாவா என்று உடனே தேடிப் பார்க்க மருத்துவருக்கு வேண்டிய துப்பு அந்த ஒரு தகவல்தான்.